அரை வாட்

ஆவடி,
9-8-1987

வனஜாவுக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பூந்தமல்லி கச்சேரிக்குப் பிறகு நாம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. நானும் உன்னைத் தேடிக்கொண்டு அம்பத்தூர் வரவில்லை. ரயிலில் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். என் கிதாரை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். நம் லேடீஸ் ஆர்க்கெஸ்ட்ரா கலைந்துபோனாலும், வாத்தியக்காரர்கள் இன்னும் மைக், ஒயர் என்று உன்னிடம்தான் ரிப்பேருக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாராவது எலெக்ட்ரிக் கிதார் தேடினால் சொல்லு. நல்ல கையாகப் பார்த்துச் சொல்லு.

ஏன் விற்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வேதமுத்து தொழிற்சாலையில் ஃபிட்டர். நைட் ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். பாப்பாவும் அந்த நேரத்தில்தான் தூங்குவாள். குவார்ட்டர்ஸில் எனக்கென்று இருப்பது அந்த நேரம் மட்டும்தான். அப்போது கிதாரை எடுத்தால் அவர் படுத்திருக்கும் இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். பாட்டிலுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. சர்ச்சிலிருந்து டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். சத்தத்தைக் குறைத்தால் தகரம். கூட்டினால் பாப்பா வீறிடுகிறாள், பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுகிறார்கள். ஒரு நாள் அவரே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீ வாசி, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அன்றைக்கே கிதாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இப்போது அதற்கு மேல் பாப்பாவின் பழைய துணிமூட்டை இருக்கிறது.

பதில் போட்டால் சந்தோஷம்.

ஜெயகுமாரி


அம்பத்தூர்,
20-8-1987

ஜெயகுமாரிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கிதார் தரகு பார்ப்பதில்லை. விற்க வேண்டும் என்றால் நீயே விற்றுக்கொள்.

பூந்தமல்லியைப் பற்றி நீ எழுதியதால் நானும் எழுதுகிறேன். நீ வாசித்துக்கொண்டிருந்தபோது நான் மேடையேறி உன் ஆம்ப்பின் வால்யூமைக் குறைத்தேன். உண்மைதான். ஞானகுமாரி தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது. உன்னிடம் கையைக் காட்டினேன். நீ பார்க்கவில்லை. ஆளை அனுப்பிச் சொன்னேன். கேட்கவில்லை. சத்தத்தைச் சரிபார்க்க மைக் மிக்சரில் உட்கார்ந்திருப்பவள் வேறு என்ன செய்வாள்? இன்றைக்கும் அதே நிலை வந்தால் ஏறி வந்து குறைப்பேன்.

கச்சேரி முடிந்ததும் நீ எல்லார் எதிரிலும், "உனக்குக் காது இருக்காடி?" என்று கேட்டாய். பகலெல்லாம் ஸ்டெபிலைசர் கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றிவிட்டு, சாயங்காலம் உங்களுக்காக ஒயர் இழுத்தவளைப் பார்த்துக் கேட்டாய். அதனால்தான் கல்யாணத்துக்கு வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தப் பெரிய ஆம்ப்பை ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசி வரைக்கும் திருகி வைப்பாயே, ஏன்? தூரத்தில் உட்கார்ந்தவனுக்கும் நீ வாசிப்பது கேட்க வேண்டும் என்றா?

வனஜா


ஆவடி,
27-8-1987

வனஜா,

இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறாய். அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

சத்தத்துக்காக என்று நீயும் நினைத்துவிட்டாய், இல்லையா? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். கேள். அந்த ஆம்ப்பை, ஆஸ்திரேலியா போகிற குடும்பத்திடமிருந்து பெரம்பூரில் வாங்கினோமே, அதன் வால்யூமை இரண்டில் வைத்து வாசித்தால் கம்பி அதிர்கிற ஓசைதான் வரும். சுத்தமாக இருக்கும், ஆனால் செத்துக் கிடக்கும். எட்டைத் தாண்டியதும் உள்ளே என்னவோ நடக்கும். மெல்லத் தொட்டால் அதே சுத்தம். அழுத்தித் தொட்டால் அந்தச் சுரம் லேசாகக் கம்மும். பாடகிக்கு உச்சத்தில் குரல் உடையுமே, உடைந்தும் சுருதி விலகாதே, அப்படி. பிறகு அது தேயத் தேயத் தெளியும். விரலில் எவ்வளவு பலம் கொடுக்கிறேனோ அவ்வளவு அது பேசும். பொத்தானைத் தொட வேண்டாம், எதையும் மிதிக்க வேண்டாம். கிதார் அப்போதுதான் கையோடு சேரும்.

நான் கேட்டது அந்தக் குரலைத்தான். சத்தம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதில்லாமல் இது வரவில்லை. நான் என்ன செய்யட்டும்? நீ குறைத்தது சத்தத்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் பாதி வாக்கியம் பேசிக்கொண்டிருந்தபோது வாயைப் பொத்தினாய்.

உனக்குப் புரியாது. விடு. கிதாரை நானே விற்றுக்கொள்கிறேன். இனிமேல் எழுத வேண்டாம்.

ஜெயகுமாரி


அம்பத்தூர்,
15-11-1987

ஜெயா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிதாரை விற்றிருக்கமாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஒரு தடவை கோபத்தோடு படித்தேன். மறுநாள் கம்பெனியில் கம்பி சுற்றும்போது அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டைத் தாண்டினால் உள்ளே என்னவோ நடக்கும் என்று எழுதியிருந்தாய். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆம்ப்புக்குள் சிவந்து எரிகிற கண்ணாடி வால்வால் முடிந்த அளவுக்கு மேல் நீ அதனிடம் கேட்கிறாய். அது தராமல் இருப்பதில்லை, திணறிக்கொண்டே தருகிறது. அந்தத் திணறல்தான் நீ சொல்கிற குரல். இத்தனை நாள் அதைப் பழுது என்று நினைத்து விரட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு அதுதான் சங்கீதம்.

அப்படியென்றால் பெரிய ஆம்ப் எதற்கு? பெரிய மாட்டைத் திணறவைக்கப் பெரிய பாரம் வேண்டும். சின்னக் கன்றுக்குட்டிக்கு ஒரு கூடை போதுமே. இது தோன்றியதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

எங்கள் தெருவில் வேம்புலியம்மாள் வீட்டில் ஒரு பழைய வால்வ் ரேடியோ பரண்மேல் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"இன்னாடி வனஜா, எலி குட்டி போட்ட பொட்டி அது. அத்தப் போயி ஊட்டுக்குத் தூக்கினு போறேன்றே?"

"பரவால்லக்கா, எலிய இங்கயே உட்டுட்டுப் போறேன்."

"எத்தன்னா பண்ணு. எடத்த அடைச்சிகினு கீது."

உள்ளே மூன்று வால்வும் நன்றாக இருந்தன. ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. மெல்லிய துணியை ஒட்டிச் சரிசெய்தேன். ஸ்பீக்கருக்குப் போகிற டிரான்ஸ்பார்மர் துருவேறிச் செத்துப்போயிருந்தது. அது என் தினப்படி வேலைதானே. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு நானே சுற்றினேன். கிதாரின் ஓசை ரேடியோவுக்குப் போதாது. அதனால் அதைத் தூக்கிக் கொடுக்க முன்னால் இன்னொரு வால்வு வைத்தேன்.

டெஸ்ட் செய்ய நம் கிறிஸ்துராஜைக் கூப்பிட்டேன். லேத் பட்டறையில் வேலை செய்கிறவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிப்பானே, அவன்தான். வாசித்தான். நீ சொன்ன குரல் வந்தது, ஜெயா. ஆனால் வேம்புலியம்மாளும் வந்துவிட்டாள்.

"ஏய் வனஜா! இன்னா கத்துது உங்க ஊட்ல? புள்ள பட்ச்சிகினு கீறான், காதப் பொத்திகினு பட்ச்சிகினு கீறான்!"

நான்கு வாட். நம் மேடை ஆம்ப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டுக்குள் அது பூந்தமல்லி. உட்கார்ந்து யோசித்தேன். ரேடியோவின் பெரிய வால்வைப் பிடுங்கினேன். ஓசையைத் தூக்கிக் கொடுக்கும் முன்வேலைக்கு மட்டும் போடுகிற விரல் அளவுச் சின்ன வால்வு ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். அதற்கேற்ற மாதிரி டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றினேன். முதல் தடவை சுற்றியதில் கிதாரின் தடித்த கம்பியில் ஓசை ஒல்லியாக இருந்தது. கழற்றிவிட்டு இன்னொரு தடவை சுற்றினேன்.

இப்போது அரை வாட்.

கிறிஸ்துராஜ் மறுபடி வந்தான். ஒரு சுரம் தொட்டான். நிறுத்தினான். பெட்டியைப் பார்த்தான். இன்னொரு சுரம், அழுத்தி. பிறகு அரை மணி நேரம் கிதாரைக் கீழே வைக்கவே இல்லை.

"அக்கா, இன்னாக்கா பண்ணி வெச்சிகீறே? மெதுவா தொட்டா பேசுது. அழுத்துனா அழுவுது. எனுக்கு ஒண்ணு பண்ணிக் குடுக்கா."

"அதெல்லாம் கடையில விக்கிற சாமான் இல்லடா, போ" என்று அனுப்பிவிட்டேன். அவன் வாசித்தபோது அழுத்திய சுரம் ஒவ்வொன்றும் ஒரு கணம் மூச்சு வாங்கிவிட்டு எழும்பியது. மற்ற வால்வுகளுக்கு மின்சாரம் தருகிற கடைசி வால்வு அந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறுகிறது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

என்னோடு வேலை செய்யும் கஸ்தூரிக்கு வீடு ஆவடி. அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வால்வுகளைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். எது எந்தக் குழி என்று நூல் கட்டியிருக்கிறேன், நிறம் பார்த்துப் பொருத்து. சுவிட்ச் போட்டதும் பேசாது. சூடேறட்டும். பின்பக்கப் பலகையை எக்காரணம் கொண்டும் திறக்காதே. அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இதற்காகப் பூந்தமல்லியில் நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடாதே. தப்பில்லை.

வனஜா


ஆவடி,
22-11-1987

வனஜா,

கஸ்தூரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தாளாம். குழந்தையைப்போல இறக்கினாள். கிதாரை விற்கவில்லை. இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நூலின் நிறம் பார்த்து வால்வுகளைப் பொருத்தினேன். பின்னறையில் ஜன்னல் ஓரமாக வைத்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்து பிரகாசித்தன. கிதாரைச் சொருகினேன்.

ஒரே இரைச்சல். மாவு மிஷினுக்குள் காதை வைத்த மாதிரி. சரி, சூடேறட்டும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. கம்பியில் விரல் வைத்தேன். சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. மறுபடி தொட்டேன், முழங்கைவரை ஏறியது. கையை உதறினதில் கிதார் சுவரில் மோதிவிட்டது. அந்தச் சத்தத்தில் அவர் எழுந்து வந்தார். என்னவென்று சொன்னேன். அவரும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பாப்பா தவழ்ந்து வந்து தொட்டுட்டா என்னட்டி செய்வ? வேண்டாம். ஒன் ஃபிரண்டு மனசுக்கு நன்றி சொல்லி எழுது. பெட்டி வேண்டாம்."

அவர் சொல்வதில் தப்பில்லை. பாப்பா இப்போது எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள். திருப்பி அனுப்பட்டுமா? நீ இவ்வளவு செய்த பிறகு இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

ஜெயா


அம்பத்தூர்,
24-11-1987

ஜெயா,

இதைக் கஸ்தூரி கையிலேயே கொடுக்கிறேன். தபாலை நம்பி இருக்க முடியாது. பிளக்கைப் போடாதே. இதை முழுக்கப் படித்த பிறகு உன் வீட்டுக்காரரிடம் கொடு.

உன் கையில் ஏறியது என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இங்கே இல்லாதது அங்கே இருக்கிறது என்றால் கோளாறு பெட்டியில் இல்லை, சுவரில். பின்னறையில் அந்த பிளக் பாயிண்டை யார் போட்டது? மூன்றாவது துளைக்கு ஒயர் வருகிறதா என்று கேள். வராது என்று நினைக்கிறேன். பெட்டியின் இரும்புத் தட்டில் மிச்சமாகத் தேங்குகிற மின்சாரத்துக்குப் பூமிக்குள் போக வழி இல்லை. அதனால் கம்பி வழியாக உன் கைக்கு வருகிறது. இரைச்சலும் அதனால்தான்.

வேதமுத்து அண்ணனுக்கு: அண்ணா, நீங்கள் ஃபிட்டர். உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசல் ஓரமாக ஆளின் இடுப்பளவு குழி. கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நடுவில் இரும்புக் குழாய். அதிலிருந்து கனமான ஒயர் ஒன்று பின்னறை பிளக்கின் மூன்றாவது துளைக்கு. குழியில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். முடித்ததும் டெஸ்டர் வைத்துக் கிதார் கம்பியைப் பாருங்கள். டெஸ்டர் எரிந்தால் அன்றைக்கே பெட்டியைத் திருப்பிவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். எரியாவிட்டால் பாப்பா தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் பாப்பாவுக்கு எட்டாமல் வையுங்கள். வால்வு சுடும்.

நானே வந்து பார்த்திருப்பேன். வா என்று நீ எழுதவில்லை.

வனஜா


ஆவடி,
13-12-1987

என் வனஜா,

எங்கே ஆரம்பிப்பது?

உன் கடிதத்தைப் படித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பின்னறைக்கு லைன் இழுத்ததே அவர்தான். அடுக்களையிலிருந்து இரண்டே இரண்டு ஒயர். "மூணாவது எதுக்குன்னு அப்ப தோணல" என்று தலையைச் சொறிந்தார். வார லீவில் குழி தோண்டினார். பக்கத்து வீட்டு ரகுநாதன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், ஊட்டுக்குள்ள கெணறு வெட்றீங்களா?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுக் கச்சேரிக்கு அஸ்திவாரம்" என்றார். டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. என்னைத் தொடவிடாமல் அவரே ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிதாரைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

இரைச்சல் துளியும் இல்லை. ஒரு சுரம் தொட்டேன்.

வனஜா, அதை எப்படி எழுதுவேன்? நான் விட்டுவந்த இடத்தில் அது எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மெல்லத் தொட்டேன், மணி மாதிரி விழுந்தது. அழுத்தினேன், கம்மியது. பூந்தமல்லியில் கம்மிய அதே கம்மல், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு மட்டும் பேசுகிற அளவில். நீ திருத்தாமல் விட்டாயே ஒரு மூச்சு, அதைக் கேட்டேன். அழுத்திய சுரம் ஒரு கணம் பின்வாங்கிவிட்டு மலர்கிறது. அந்தக் கணத்துக்காகவே மறுபடி மறுபடி அழுத்தினேன். மேடையில் இதை நான் கேட்டதே இல்லை. அந்தச் சத்தத்தில் இதெல்லாம் எங்கே காதில் விழும்? பெரிய ஆம்ப்பில் எதிரில் இருப்பவர்களுக்காக வாசித்தேன். இதில் என் விரல் என்ன நினைக்கிறது என்று எனக்கே தெரிகிறது. எங்கே அவசரப்படுகிறேன், எங்கே பயந்து விரலை எடுக்கிறேன், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறது. வெட்கமாகக்கூட இருந்தது.

எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது. அழ ஆரம்பித்துவிட்டேன். அதனால் நிறுத்தினேன். நிறுத்தியதும் பலகைக் கதவு திறந்தது. எழுப்பிவிட்டேனே என்று நினைத்தேன். அவர் தூக்கக் கண்ணோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னட்டி, ஏன் நிறுத்திட்ட? அது போயிக்கிட்டிருந்துச்சு, நான் நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

பாப்பா எழுந்திருக்கவே இல்லை.

இப்போது தினமும் வாசிக்கிறேன். துணிமூட்டை அலமாரிக்குள் போய்விட்டது. நானே இரண்டு மெட்டு அமைத்திருக்கிறேன். இதுவரை மற்றவர்களின் மெட்டை வாசித்தே பழகியவள் நான். இந்தப் பெட்டி இல்லையென்றால் எனக்குள் மெட்டு இருப்பதே தெரிந்திருக்காது.

உன் காதைப் பற்றி நான் கேட்டதை எழுத்தில் அடித்துவிட முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அந்த ஓசையை அப்படியே செய்து அனுப்பியிருக்கிறாய். எனக்குத் தெரிந்து உன்னைவிடப் பெரிய காது யாருக்கும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. "வா" என்று எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். அவரும் சொல்லச் சொன்னார்.

உன் ஜெயா


அம்பத்தூர்,
28-12-1987

ஜெயா,

கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். வந்தேன்.

சாயங்காலம் ஆவடியில் இறங்கி, கஸ்தூரியிடம் வழி கேட்டு, உன் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்துவிட்டேன். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. குழாய் நட்டு ஈரமாக இருந்த இடத்தையும் பார்த்தேன். அண்ணன் குழியை ஒழுங்காகத்தான் மூடியிருக்கிறார். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே உன் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீ. தலை குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாய். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாப்பா யார் மடியிலோ கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்டண்டை நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனையில் ஒலிபெருக்கி, பிள்ளைகளின் பட்டாசு, சைக்கிள் மணி எல்லாம் கேட்டது. உன் கிதார் மட்டும் கேட்கவில்லை. நான் செய்ததே அதற்குத்தானே. வெளியே கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் அத்தனை தடவை கழற்றிக் கழற்றிச் சுற்றினேன். அது சரியாக வந்திருக்கிறது. ஒரு வேலை இவ்வளவு சரியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வரக் கால் எழவில்லை. உன் வீட்டு ஆட்களுக்கு நடுவில் வந்து நின்றால் யார் என்று சொல்வாய்? சண்டை போட்டவள் என்றா, பெட்டி செய்தவள் என்றா? அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன்.

கிறிஸ்துராஜ் விடுவதாக இல்லை. அவனோடு முகப்பேரிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். புது ஃபிளாட்டாம், மேலும் கீழும் ஆட்களாம், ஒரு சுரம் வாசித்தால் மாடி முழுக்கச் சண்டையாம். எல்லாருக்கும் அரை வாட் வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். அது உன் கைக்குச் செய்தது. இன்னொருவன் கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? நான் கம்பி சுற்றுகிறவள்.

வனஜா


ஆவடி,
2-1-1988

மக்கு வனஜா,

புத்தாண்டு வாழ்த்து பிறகு சொல்கிறேன். முதலில் திட்டிக்கொள்கிறேன்.

கேட் வரைக்கும் வந்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று சந்தோஷப்பட்டுத் திரும்பிப் போகிற ஒரே ஆள் உலகத்தில் நீதான். வெளியே கேட்காமல் இருக்கச் செய்தாய், சரி. உள்ளே என்ன கேட்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டாமா? நீ செய்ததை என் கையில் நீ இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அங்கே இருந்த பத்துப் பேரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டு ரகுநாதன் உள்ளே வந்து கேட்டார். மாவு விற்க வருகிற நாகம்மா தினமும் பின்னறைக்குள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

யார் என்று சொல்வேன் என்று கேட்டாயே. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் என் மாமனார் ஜேம்ஸ். வாசித்து முடித்ததும், "பெட்டி எங்க வாங்கினது?" என்றார். "வாங்கல மாமா. அம்பத்தூர்ல வனஜான்னு என் தோழி, அவ செஞ்சது" என்றேன். "கம்பெனி பேரு?" என்று கேட்டார். "பேரே அதுதான்" என்றேன். அப்போது நீ கேட்டண்டை நின்றுகொண்டிருந்திருக்கிறாய். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு!

கம்பி சுற்றுகிறவள் என்று இன்னொரு தடவை எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு லீவு. ரயிலேறி வா. கேட்டோடு நிற்காதே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா.

ஜெயா


அம்பத்தூர்,
11-1-1988

ஜெயா,

நேற்று உன் வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. அண்ணன் இரண்டு தடவை, "பிடிக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பேச வரவில்லை. எழுதினால்தான் வருகிறது. இந்த ஐந்து மாதத்தில் நாம் அப்படிப் பழகிவிட்டோம்.

கிறிஸ்துராஜ் வாசித்தபோது பெட்டி நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். நேற்று பெட்டியைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், இதில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. நான் பொருத்தியது எனக்கே ஞாபகம் வரவில்லை. உன் இரண்டாவது மெட்டில் நீ ஒரு சுரத்தை எழுப்பிவிட்டு, தேயவிட்டு, முழுக்கத் தேய்வதற்குள் அடுத்ததைத் தொட்டாயே, அந்த இடத்தில் என் கையில் இருந்த காபி ஆறிப்போனது.

முகப்பேர்க்காரர்களிடம் சரி என்று சொல்லப்போகிறேன். கிறிஸ்துராஜிடமும். கம்பெனியை விடவில்லை. சாயங்காலங்களில் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை. எந்தப் பெட்டியும் உன் கை பட்டு நீ சரி என்று சொல்லாமல் வெளியே போகாது. முடியாது என்று சொல்லாதே. பின்னறையில் ஒரு மூலையைக் காலி செய்து வை.

இன்னொன்று. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நம் ஆர்க்கெஸ்ட்ராவில் இத்தனை கச்சேரியில் உன் கிதாரைக் காதில் வாங்கினவள் நான். உன் வாசிப்பில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் இருந்தேன். நேற்று உன் எதிரில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். கிதாருக்கு அடியில் இன்னொரு சத்தம் மெல்லியதாகக் கேட்டது. பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தேன். பெட்டி இல்லை. நீ. வாசிக்கும்போது நீ வாய்க்குள்ளேயே பாடுகிறாய், ஜெயா. கொஞ்சம் சுருதி விலகி, மூச்சிலேயே. உனக்கே தெரியுமா என்று தெரியவில்லை.

மேடையிலும் பாடிக்கொண்டுதான் இருந்திருப்பாய். எத்தனை வருஷம்! நமக்குத்தான் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டு நிறுத்திவிடாதே. இதற்குப் பதில் எழுதவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், நேரில் பேசு.

வனஜா